ஜனவரியில் ஒரு நாள் கோவளம்

வருடா வருடம் ஜனவரி மூன்றாம் வாரத்தில் நானும் என் மனைவியும் ஒரு நாள் கோவளத்துக்குப் போய் வருகிறோம். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இனயத்துக்காரன் கடல் பார்க்க பஸ் ஏறிப் போகிறானாம்! "உங்க வீட்டுத் திண்ணையில இருந்து கல்லெறிஞ்சா கடல்லதானே விழும்?" என்று கேட்கிறான் என் தம்பி. அவன் சொல்வது சரிதான். ஆனாலும் போகிறோம்.

கோவளம் என்றால் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளம் இல்லை. சென்னைக்குத் தெற்கே உள்ளதும் இல்லை. திருவனந்தபுரத்துக் கோவளம். வெள்ளைக்காரர்கள் துணியில்லாமல் கிடப்பார்கள் என்று நம் இளவயதில் ரகசியமாகப் பேசிக்கொள்வோமே, அந்தக் கோவளம்தான்.

என் வயதுக்காரர்களில் ஒருவர் "நான் அதைப் பார்க்கப் போனதே இல்லை" என்று சொன்னால் நான் பாதிதான் நம்புவேன். நான் போனேன். 1975-ஆம் வருடம். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். நானும் இரண்டு கூட்டாளிகளும் கருங்கல்லில் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மறுபடியும் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் சொன்ன காரணம், வேலைக்கு மனுப்போட.

அப்போது கோவளம் இப்போதுபோல ஹோட்டல் காடு ஆகவில்லை. ராணி சேது லட்சுமி பாயின் ஹால்சியன் மாளிகை ஒரு குன்றின்மேல் இருந்தது. அதை ஒட்டி அரசாங்கத்தின் பெரிய ஹோட்டல், சார்ல்ஸ் கொரியா வரைபடம் போட்டது, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கி நின்றது. தெற்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். அது 1972-இல்தான் எரியத் தொடங்கியிருந்தது. நடுவில் தென்னந்தோப்பும் மணலும்தான். அந்த மணலில் ஹிப்பிகள். ஆண்கள், பெண்கள், இரண்டு சிறு குழந்தைகள். ஒரு பகுதிக்கு ஹவ்வா பீச் என்று பெயர். ஹவ்வா என்றால் நம் ஏவாள். மேல்துணி இல்லாமல் அங்கே ஐரோப்பியப் பெண்கள் குளித்ததால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். பெயர் வைத்தவன் வேதபாடம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தோம். எங்களுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி என்று நினைத்திருந்தோம். மதியம் ஆகும்போது தோப்பு ஓரத்தில் முப்பது நாற்பது ஆண்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேர் பார்க்க வந்ததுபோல வரிசையாக நின்றார்கள். யாரும் பேசவில்லை. எங்களுக்கு நேர் எதிரே ஒரு பெண் குப்புறப் படுத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலையைத் தூக்கி அந்த வரிசையைப் பார்த்தாள். திட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தை மடித்து வைத்து, எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு அந்த வரிசை அடுத்த ஆளைப் பார்த்து நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

கூட வந்த ஒருவன் ஊரில் உளறிவிட்டான். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து கடவத்தை இறக்கி வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "உடுக்காம கிடந்தது அவளுவ. வெக்கங்கெட்டது அவளுவளா, பஸ்ஸுக்குப் பைசா குடுத்துப் பாக்கப் போன நீயா?" என்று கேட்டாள். பிறகு சோறு போட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு அந்த வெள்ளைக்காரிகள் மேல் கோபமே இல்லை என்பது எனக்குப் பல வருடம் விளங்காத விஷயம். யோசித்தால் காரணம் எங்கள் கரையிலேயே இருந்தது. என் அப்பா கட்டுமரக்காரர். கடலில் அவருக்கு உடுப்பு கோவணம் ஒன்றுதான். மரத்தைக் கரையேற்றும்போது அப்படியேதான் வருவார். பத்துப் பதினைந்து ஆண்கள் அப்படி வருவார்கள். அம்மாமார், அக்காமார், கல்யாணம் ஆகாத பெண்கள் எல்லோரும் மீன் வாங்கக் கடவத்தோடு சுற்றி நிற்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மீனைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். வேலை முடிந்து அப்பா கைலியைச் சுற்றிக்கொண்டு கோயில் பக்கம் போனால்தான் அவர் "உடுத்த" மனிதர். கட்டுமரம் போய் ஃபைபர் வள்ளம் வந்த பிறகு டவுசரும் பனியனும் வந்தன. கோவணம் என்ற சொல்லே இப்போது என் பேரனுக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது சரித்திரம். பள்ளியில் நான் சரித்திரம் நடத்தினவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மறைத்த பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1822 தொட்டு 1859 வரை கல்குளம், இரணியல் பக்கங்களில் நடந்த தோள்சீலைக் கலகம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் சென்னை கவர்னர் ட்ரெவல்யன் நெருக்க, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-இல் ஒரு விளம்பரம் வெளியிட்டார். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப்போலக் குப்பாயம் போடலாம். அல்லது முக்குவத்திகள் கட்டுவதுபோல முரட்டுத் துணியை மேலே சுற்றிக் கட்டலாம். வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது.

முக்குவத்திகள் என்றால் எங்கள் பாட்டிமார். ராஜாவின் விளம்பரத்தில் எங்கள் பெண்களுக்குக் கிடைத்த இடம் அதுதான், முரட்டுத் துணிக்கு உதாரணம். மானம் மறைக்கவே உயிரைக் கொடுத்துப் போராடின நாட்டில், நூறு சொச்சம் வருடம் கழித்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மேற்கே ஒரு மணலில், கடல் தாண்டி வந்த பெண்கள் விருப்பத்தோடு துணியைக் கழற்றி வைத்தார்கள். மறைப்பதற்கும் கழற்றுவதற்கும் நடுவே பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு இடத்திலும் ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

சரி, நான் ஏன் வருடா வருடம் போகிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதை என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க" என்றாள்.

2011-இல் அவளுக்கு நெஞ்சில் கட்டி கண்டுபிடித்தார்கள். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். பிறகு மருந்து, கதிர். முடி கொட்டி முளைத்தது. முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினோம், பிறகு ஆறு மாதம், 2014 முதல் வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஒருமுறைதான் ஜனவரி மூன்றாம் வாரம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். சின்னத் துணிப்பை தைத்து, உள்ளே பஞ்சும், கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வது. பஞ்சு மட்டும் வைத்தால் மேலே ஏறிவிடும், கனம் இருந்தால்தான் இடத்தில் நிற்குமாம். ஊரில் அவள் அது இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை. ஊர் நல்ல ஊர். வியாதி நேரத்தில் கஞ்சி கொண்டு வந்தார்கள், ஜெபம் சொன்னார்கள், வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் பேசும்போது கண் ஒரு நொடி கீழே இறங்கி ஏறும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. அந்த ஒரு நொடியை என் மனைவி எண்ணிக்கொண்டே இருப்பாள். "இன்னைக்கு பூசைக்குப் போனதுல ஒம்பது பேரு" என்று கணக்குச் சொல்வாள்.

அவள் தூத்தூர்ப் பக்கத்துத் துறையில் பிறந்தவள். சின்னதிலே மேக்கு நோக்கி நீந்தினால் திரும்ப விடமாட்டாள் என்று அவள் அண்ணன் சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகும் விடியற்காலையில் நாத்தனார்மாரோடு எங்கள் கரையில் குளித்தவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடலுக்குள் கால் வைக்கவில்லை. நனைந்த துணி உடம்போடு ஒட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? போதாததற்கு எங்கள் கரையில் மணலும் போய்விட்டது. கடலரிப்புக்குப் பாறாங்கல் போட்டுச் சுவர் கட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். இப்போது வீட்டிலிருந்து கடலைப் பார்க்கலாம், கேட்கலாம். இறங்க வேண்டுமென்றால் கல் கல்லாகத் தாண்டிப் போக வேண்டும். எழுபது வயதில் அது நடக்காது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெரிய துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் எதிர்த்துத் தெருவில் நின்றோம். பின்னால் அந்தத் திட்டம் எங்கள் ஊரை விட்டு நகர்ந்தது. அன்றைக்குப் போராட்டத்தில் முன்வரிசையில் என் மனைவி. துணிப்பை சரியாக இருக்கிறதா என்று பத்து தடவை கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

2014-இல் ஆஸ்பத்திரி வேலை பதினொரு மணிக்கே முடிந்தது. ஊருக்கு பஸ் ஏற கிழக்கேகோட்டை வந்தோம். பக்கத்தில் கோவளம் பஸ் நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, "ஏறு" என்றேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கலங்கரை விளக்கப் பீச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான். திரும்பும்போது, "இங்க ஒருத்தரும் நம்மளப் பாக்கூல, கவனிச்சியளா?" என்றாள். எல்லோரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! எங்கள் இரண்டு பேர் மேலும் ஒரு கண்கூட விழவில்லை. 1975-இல் நான் நின்ற அதே வேலையை வேறு பையன்கள் செய்துகொண்டிருந்தார்கள், லுங்கிக்குப் பதில் கையில் கேமரா. எனக்கு நாக்கு கசந்தது. ஆனால் என் மனைவி நிம்மதியாக இருந்தாள். இரண்டையும் ஒரே மணலில் உட்கார்ந்து அனுபவித்தேன். அடுத்த வருடமும் போனோம். அப்படியே வழக்கமாகிவிட்டது.

2019 ஜனவரியில் அவள் திடீரென்று என் கையைக் கிள்ளினாள். "இஞ்ச பாருங்க... அங்க பாக்காதீங்க!" இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். வாடகைக் குடைக்குக் கீழே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. நீச்சலுடை. அதில் ஒரு பக்கம் தட்டை. எதையும் வைத்து நிரப்பவில்லை. அப்படியே எழுந்து, ஆடி அசைந்து தண்ணீருக்குள் போய், நீந்திவிட்டு வந்து, தலையைத் துவட்டினார்.

என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது. நான் தடுப்பதற்குள் எழுந்து போனாள். அந்த அம்மா முன்னால் நின்று, தன் கையைத் தன் இடது நெஞ்சில் வைத்தாள். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார். தன் வலது பக்கத்தில் கை வைத்தார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நான் கடலைப் பார்த்து நின்றுகொண்டே மொழிபெயர்த்தேன்.

ஜெர்மனியில் ரோஸ்டாக் பக்கம். முன்பு கிழக்கு ஜெர்மனி. அங்கே பால்டிக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகத் துணியில்லாமல் குளிப்பது சாதாரண விஷயமாம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும். ஆபாசம் என்ற நினைப்பே வராது, எல்லோரும் ஒரே மாதிரி என்றால் யாரை யார் பார்ப்பது என்றார். எனக்கு அப்பாவின் கட்டுமரம் கரையேறியது ஞாபகம் வந்தது. பெர்லின் சுவர் இடிந்து வெளிநாடு போக வழி பிறந்த பிறகு, அவரும் கணவரும் காசு சேர்த்து, கரீபியன் கடலில் செயின்ட் மார்ட்டின் என்ற தீவுக்குப் போனார்கள். அங்கே ஓரியண்ட் பே கடற்கரையில் கிளப் ஓரியண்ட் என்று ஒரு விடுதி. உடுக்கலாம், உடுக்காமலும் இருக்கலாம். ஒரு தடவை போனவர்கள் பிறகு வருடா வருடம் போனார்கள், அதே மாதம், கிடைத்தால் அதே அறை. "வேறு இடம் பார்க்கத் தோன்றவில்லையா?" என்று கேட்டேன். அங்கேதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள் என்றார். அறுவை சிகிச்சை முடிந்து முதன்முதலாக, ஊரில் தன் மகள் முன்னால்கூடக் காட்டாத தழும்பை, அவர் வெயிலில் காட்டியது அந்த மணலில்தானாம். பக்கத்துக் குடையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "எண்ணெய் தடவுங்கள், அந்தத் தோல் சீக்கிரம் கருகும்" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு.

கணவர் இறந்தார். அப்புறமும் தனியாகப் போனார். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அடித்து அந்த விடுதி இல்லாமலே போயிற்று.

2017 என்றதும் என் மனைவி நிமிர்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எண் மட்டும் தெரியும். நவம்பர் 30, ஒக்கி. அவள் பிறந்த வீட்டுப் பக்கத்துத் துறைகளிலிருந்து கடலுக்குப் போன எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவள் அக்காள் மகனும் ஒருவன். அதை நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

பிறகு பேச்சு வேறு பக்கம் போயிற்று. இங்கே ஏன் நீச்சலுடை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்கள் சட்டம்" என்றார். சரிதான், அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 294. இப்போது புதிய சட்டத்தில் 296. சிதறால் மலையில் ஆயிரத்துச் சொச்சம் வருடமாகத் துணியில்லாமல் நிற்கும் தீர்த்தங்கரர்களை அந்தச் சட்டம் தொடவில்லை என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். வாத்தியார் புத்தி விடாதே, 1859 விளம்பரத்தையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இதில் ராஜாவுக்கு என்ன வேலை?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "அதத்தான் நானும் கேக்குதேன்" என்றாள் என் மனைவி.

அன்றிரவு பஸ் நெய்யாற்றின்கரை தாண்டும்போது 1975 கதையை அவளிடம் சொன்னேன். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் சொல்லாத கதை. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "மாமி எனக்கு அப்பமே சொல்லியிருக்காங்க" என்றாள். என் அம்மா! அந்த ஜெர்மன் அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. 2020 ஜனவரியிலும் அவரைப் பார்த்தோம், அப்போதும் சொல்லவில்லை. பிறகு கொரோனா. அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, முழங்கால் மாற்றியிருக்கிறார்கள், விமானத்தில் உட்கார முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

இந்த ஜனவரியிலும் போனோம். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரி என்றார்கள். விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் பெரிதாக நிற்கின்றன என்று கேள்விப்பட்டிருந்ததால், திரும்பும்போது அந்த வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது. என் மனைவிக்கு வேறு திட்டம். பழம் விற்கும் பெண் ஒருத்தி எங்கள் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்துப் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நைட்டிக்குள் கையை விட்டு, அந்தத் துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். "பத்திரம். நனஞ்சா கடுகு முளச்சிரும்" என்றாள். நேராக நடந்து தண்ணீருக்குள் போனாள்.

முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஒரு அலை வந்து தலைக்கு மேல் போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். அலை போனதும் தலை தெரிந்தது. உயிர்காப்பாளர் விசில் ஊதி, இன்னும் உள்ளே போகாதே என்று கை காட்டினார். அவள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க வரூலியா?" என்று கத்தினாள்.

கையில் துணிப்பை. எங்கே வைப்பது என்று முழித்தேன். பழக்காரி கத்தியை வைத்துவிட்டு கையை நீட்டி அதை வாங்கினாள். ஒரு தடவை கனம் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. கூடையில் வாழையிலைக்கு அடியில் செருகிவிட்டு, "ஞான் நோக்கிக்கொள்ளாம், சாரு போயிட்டு வா" என்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் நல்ல குளிர்.